“எல்லாருக்கும் அழகு” என்ற வாக்குறுதி: ஸ்காண்டிநேவிய நவீன வடிவமைப்பு யாருடைய வீட்டை அடைந்தது?

நூல்பிடி (இழையைத் தொடங்கியவர்)

வணக்கம். ஸ்காண்டிநேவிய வடிவமைப்பைப் பற்றி நான் படித்த தமிழ்க் கட்டுரைகள் பலவும் வெள்ளைச் சுவர், வெளிர்நிற மரம், எளிமை என்ற மூன்றையும் சொல்லிவிட்டு ஒரு நாற்காலியின் படத்தோடு முடிந்துவிடுகின்றன. அந்த எளிமை யாருக்காக என்று தொடக்கத்தில் சொல்லப்பட்டது, கடைசியில் யார் வீட்டுக்குப் போய்ச் சேர்ந்தது என்ற கேள்வியை அவை தொடுவதில்லை. அதைப் பேசலாம் என்றுதான் இந்த இழை.

என் கணக்கில் கதை நாற்காலியில் தொடங்கவில்லை. 1899 இல் ஸ்வீடிஷ் எழுத்தாளர் எல்லன் கேய் ‘எல்லாருக்கும் அழகு’ என்ற தலைப்பில் எழுதியவற்றில் தொடங்குகிறது. அழகற்ற பொருள் இன்று என்ன விலைக்கு விற்கிறதோ அதே விலைக்கு அழகான பொருள் கிடைக்கும்போதுதான் அந்தக் கனவு நனவாகும் என்பது அவர் வாதத்தின் சாரம். இதில் கவனிக்க வேண்டியது, அவர் ரசனையைப் பற்றி மட்டும் பேசவில்லை, விலையையும் சேர்த்தே பேசினார் என்பதுதான். 1845 இலிருந்தே இயங்கிவந்த ஸ்வீடன் கைவினைச் சங்கம் இந்தக் கருத்தை எடுத்துக்கொண்டு, 1917 இல் ஸ்டாக்ஹோமின் லில்யெவால்க்ஸ் கலைக்கூடத்தில் சிறிய வீடுகளுக்கான கண்காட்சி ஒன்றை நடத்தியது. குஸ்தாவ்ஸ்பெர்க் பீங்கான் ஆலைக்காக வில்ஹெல்ம் கோகே வடிவமைத்த, நீல லில்லிப் பூ வரைந்த தட்டுத்தொகுப்பு அங்கேதான் வைக்கப்பட்டது. அதற்குத் ‘தொழிலாளர் தட்டுகள்’ என்றே பெயர் வந்தது. அவற்றை வாங்கியவர்களோ பெரும்பாலும் படித்த நடுத்தர வர்க்கத்தினர். நாள் முழுவதும் ஆலையில் உழைப்பவருக்கு நாட்டுப்புறச் சாயலில் அமைந்த இந்தத் தட்டு ஒரு கலைப்பொருளாகத் தெரியாது, பழைய வறுமையின் நினைவாகத்தான் தெரிந்திருக்கும் என்பது என் ஊகம்.

இரண்டு ஆண்டுகள் கழித்து, 1919 இல், கலை வரலாற்றாளர் கிரேகோர் பால்சன் ‘அன்றாடப் பொருள்களில் கூடுதல் அழகு’ என்ற முழக்கத்தை முன்வைத்தார். பின்னர் அவரும் கட்டடக்கலைஞர் குன்னார் அஸ்ப்லுண்டும் முன்னின்று நடத்திய 1930 ஆம் ஆண்டு ஸ்டாக்ஹோம் கண்காட்சிக்குச் சுமார் 40 லட்சம் வருகைகள் பதிவாயின. அன்று ஸ்வீடனின் மக்கள்தொகையே ஏறத்தாழ 61 லட்சம்தான் என்பதை நினைத்துப் பாருங்கள். எஃகும் கண்ணாடியும் தட்டையான கூரையுமாக நீர்க்கரையில் எழுந்த அந்தக் கட்டடங்களைச் சிலர் கொண்டாடினார்கள். கார்ல் மால்ம்ஸ்டென் போன்ற மரபுவழி அறைகலன் கலைஞர்கள் வெளிப்படையாக எதிர்த்தார்கள். மறு ஆண்டே பால்சன், அஸ்ப்லுண்ட் உள்ளிட்ட ஆறு பேர் சேர்ந்து ‘ஏற்றுக்கொள்’ என்ற அறிக்கையை வெளியிட்டார்கள். தலைப்பே கட்டளையாக இருப்பது எனக்கு எப்போதும் சற்று உறுத்தும். மக்களுக்காகச் செய்கிறோம் என்பவர்கள் மக்களைப் பார்த்து ஏற்றுக்கொள் என்று சொல்ல வேண்டியிருந்தது ஏன்?

சிற்றுளி

நூல்பிடி அவர்களின் தொடக்கம் நன்று. ஆனால் ஸ்வீடனின் கதையை மற்ற நாடுகளின் தலையிலும் கட்டிவிட வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன். நான் தச்சு வேலை செய்பவன். எனக்குத் தெரிந்த டென்மார்க்கில் அறிக்கை எழுதியவர்களைக் காட்டிலும் அளவெடுத்தவர்களே அதிகம்.

கோபன்ஹேகனில் உள்ள அரச நுண்கலைக் கழகத்தில் 1924 இல் அறைகலன் வகுப்பைத் தொடங்கிய கோரே கிளிண்ட், மாணவர்களிடம் “புதிதாக ஏதாவது வரை” என்று சொல்லவில்லை. பழைய ஆங்கில நாற்காலிகள், சீன நாற்காலிகள், அமெரிக்க ஷேக்கர் சமூகத்தினரின் மரச்சாமான்கள் ஆகியவற்றை அளந்து வரையச் சொன்னார். ஒரு வீட்டில் எத்தனை தட்டு, எத்தனை கரண்டி, மடித்த சட்டையின் அகலம் என்ன என்று கணக்கெடுத்து, அதற்கேற்ப அலமாரியின் உள்ளளவைத் தீர்மானித்தார். இது எந்தத் தச்சனுக்கும் புரியும் நவீனத்துவம். கோபன்ஹேகன் தச்சர் சங்கமும் 1927 முதல் 1966 வரை ஆண்டுதோறும் கண்காட்சி நடத்தியது. ஆலைப் பொருள்கள் சந்தையை நிரப்பத் தொடங்கிய காலத்தில், தங்கள் தொழிலைக் காப்பாற்றிக்கொள்ள அந்தத் தச்சர்கள் இளம் கட்டடக்கலைஞர்களோடு கைகோத்தார்கள். ஃபின் யூலுக்கு நீல்ஸ் வோடர் என்ற தச்சர், ஹான்ஸ் வெக்னருக்கு யோஹான்னெஸ் ஹான்சன் பட்டறை என்று இணைகள் உருவானது அப்படித்தான்.

வெக்னரின் 1949 ஆம் ஆண்டு வட்ட நாற்காலியைக் கொஞ்சம் கிட்டப் போய்ப் பார்க்கலாம். முதுகும் இரண்டு கைகளும் ஒரே வளைவாக ஓடுவதுபோல் தெரியும். அத்தனை வளைவையும் ஒரே பலகையில் அறுத்தால் ஓரங்களில் மரத்தின் நார் குறுக்காக வெட்டுப்பட்டு, சாயும்போது முறிந்துவிடும். எனவே மூன்று துண்டுகளை இணைத்தார். அந்த இணைப்பு வெளியே தெரிவது அவருக்குத் திருப்தி தரவில்லை, முதலில் செய்தவற்றில் முதுகுப் பகுதியின் மேல் பிரம்பைச் சுற்றி மறைத்தார். பிறகு, கோத்த விரல்களைப் போல ஒன்றுக்குள் ஒன்று புகும் பல்வரிசை இணைப்பாக மாற்றியதும் பிரம்பை எடுத்துவிட்டார். மறைக்க வேண்டியதாக இருந்த இணைப்பே அந்த நாற்காலியின் அடையாளமாகிவிட்டது. செருப்புத் தைப்பவரின் மகனாகத் தென்டெர் ஊரில் பிறந்து, 14 வயதில் பட்டறைக்குப் போன ஒருவருக்குத்தான் இப்படிச் செய்யத் தோன்றும்.

இது தொழிலாளிக்கான நாற்காலி என்று யாரும் சொல்லவில்லை என்பதையும் ஒப்புக்கொள்கிறேன். அந்த வேலையைச் செய்தது வேறு இடம்: டென்மார்க்கின் நுகர்வோர் கூட்டுறவு அமைப்பு 1942 இல் பெர்கே மொகென்சனைத் தலைமை வடிவமைப்பாளராக அமர்த்தித் தனக்கென அறைகலன் பிரிவைத் தொடங்கியது. 1947 இல் அங்கே உருவான ஜே 39 நாற்காலியில் பீச் மரம், உருளைக் கால்கள், காகிதக் கயிற்றுப் பின்னல் தவிர வேறொன்றும் இல்லை. மக்கள் நாற்காலி என்றே அதை அழைத்தார்கள். மொகென்சன் கிளிண்டின் மாணவர். உங்கள் கேள்விக்கு டென்மார்க் கூட்டுறவுக் கடையில் பதில் இருக்கிறது.

கேள்விக்குறி

இரண்டு சிறு ஐயங்கள். ஃபின்லாந்து ஸ்காண்டிநேவியாவைச் சேர்ந்ததா? அப்படியில்லை என்றால் அந்நாட்டுக் கட்டடக்கலைஞர் ஆல்வார் ஆல்ட்டோ எப்படி ஒவ்வொரு பட்டியலிலும் முதலில் வருகிறார்? நார்வே ஏன் எந்தப் பட்டியலிலும் வருவதில்லை?

வடகடல்

நான் ஃபின்லாந்தின் துர்க்கு நகரில் வசிப்பதால் முதல் ஐயத்துக்கு நானே பதில் எழுதுகிறேன். கண்டிப்பாகச் சொன்னால் டென்மார்க், நார்வே, ஸ்வீடன் ஆகிய மூன்றும்தான் ஸ்காண்டிநேவியா. ஃபின்லாந்தையும் ஐஸ்லாந்தையும் சேர்த்துச் சொல்ல ‘நார்டிக்’ என்ற சொல் இருக்கிறது. இங்குள்ளவர்கள் இந்த வேறுபாட்டில் மிகவும் கவனமாக இருப்பார்கள். ஆனால் போருக்குப் பிறகு வெளிநாட்டுக் கண்காட்சிகளில் அந்த மூன்றோடு ஃபின்லாந்தும் சேர்ந்து நான்கு நாடுகளும் ஒரே பெயரின் கீழ் நின்றதால் அந்தப் பெயர் ஒட்டிக்கொண்டது.

பைமியோ காசநோய் மருத்துவமனை எங்கள் ஊரிலிருந்து சுமார் 30 கிலோமீட்டர் தூரத்தில் இருக்கிறது. 1929 இல் போட்டியில் வென்று, 1933 இல் ஆல்ட்டோ கட்டி முடித்தது. நாள் முழுவதும் படுத்திருப்பவரின் கண்ணிலிருந்து அந்த அறையைப் பார்த்தார்கள் என்பதே அதன் சிறப்பு. படுத்திருப்பவருக்குக் கூரைதான் சுவர். ஆகவே கூரைக்குக் கண்ணை உறுத்தாத நிறம் பூசினார்கள், விளக்கைப் பார்வையில் படாத இடத்தில் வைத்தார்கள். ஓர் அறையில் இருவர் என்பதால், ஒருவர் கை கழுவும் ஓசை மற்றவரை எழுப்பாதபடி தண்ணீர் சாய்வாக விழும் கழுவுதொட்டியைச் செய்தார்கள். நோயாளிகள் சாய்ந்து உட்காரும் நாற்காலிக்கு, ஜெர்மனியில் அப்போது புகழ்பெற்றிருந்த எஃகுக் குழாயை விட்டுவிட்டு, வளைத்த பிர்ச் மர ஒட்டுப்பலகையைத் தேர்ந்தெடுத்தார்கள். எஃகு தொட்டால் சில்லிடும் என்பது ஆல்ட்டோவின் குறை.

அதைச் செய்துகொடுத்தவர் துர்க்குவின் அறைகலன் ஆலையைச் சேர்ந்த ஓட்டோ கொர்ஹொனென். இருவரும் சேர்ந்து உருவாக்கிய 1933 ஆம் ஆண்டு முக்காலி ஒன்று என் வீட்டில் இருக்கிறது. அதைத் தலைகீழாகக் கவிழ்த்து வைத்துக்கொண்டுதான் இதை எழுதுகிறேன். வட்டப் பலகை, மூன்று கால்கள், திருகாணிகள், அவ்வளவுதான். காலின் மேல்முனை செங்கோணமாக மடங்கி, பலகையின் அடியில் படுத்துத் திருகப்பட்டிருக்கிறது. கெட்டியான பிர்ச் மரத்தை எப்படி மடக்கினார்கள்? காலின் ஒரு முனையில் மட்டும் நார் போகும் திசையில் பல கீறல்களை அறுத்து, அவற்றுக்குள் பசை தடவிய மெல்லிய மரத்தகடுகளைச் செருகி, பிறகு வளைத்திருக்கிறார்கள். வளைவின் பக்கவாட்டில் அந்தக் கோடுகள் இப்போதும் தெரிகின்றன. இந்த மடக்குக் கால் ஒன்று கிடைத்த பிறகு நாற்காலி, மேசை, பெஞ்சு என எல்லாவற்றையும் அதே காலை வைத்துச் செய்துவிட முடிந்தது. 1935 இல் ஆல்ட்டோ தம்பதியர் இன்னும் இருவரோடு சேர்ந்து தொடங்கிய ஆர்டெக் நிறுவனம் இன்றும் இதை விற்கிறது. ஐனோ ஆல்ட்டோவின் பங்கைப் பலர் அடிக்குறிப்பாக்கிவிடுகிறார்கள். வளையம் வளையமாக வரி விழுந்த மலிவான அழுத்தக் கண்ணாடிக் குவளைகளை 1932 இல் வடிவமைத்தவர் அவர். என் கருத்தில், எல்லன் கேய் கேட்டதற்கு இந்தக் குவளைகள் நெருங்கி வருகின்றன.

நார்வேயைப் பற்றி நான் அதிகம் சொல்ல முடியாது. குழந்தையோடு சேர்ந்து வளரும்படி இருக்கையை மாற்றி வைத்துக்கொள்ளக்கூடிய, பீட்டர் ஓப்ஸ்விக்கின் 1972 ஆம் ஆண்டு டிரிப் டிராப் நாற்காலியை மட்டும் நினைவூட்டுகிறேன்.

நூல்பிடி

வடகடல் குறிப்பிட்ட அந்த ஒரே பெயரைப் பற்றித்தான் நான் அடுத்து எழுத எண்ணியிருந்தேன். ‘ஸ்காண்டிநேவிய வடிவமைப்பு’ என்ற பெயரில் ஒரு பெரும்பகுதி ஏற்றுமதிக்காகச் செய்யப்பட்டது.

1951 இல் இத்தாலியின் மிலான் நகரில் நடந்த ‘திரியென்னாலே’ வடிவமைப்புக் கண்காட்சியில் இந்நாடுகளின் பொருள்களைப் பார்த்து மயங்கியவர்களில் ஒருவர், அமெரிக்க இல்ல இதழ் ஒன்றின் ஆசிரியர் எலிசபெத் கார்டன். 1953 இல் அவரே தம் இதழில், எஃகும் கண்ணாடியுமான சர்வதேச பாணி அமெரிக்க வாழ்க்கைக்கு அச்சுறுத்தல் என்று கடுமையாக எழுதினார். அந்த எஃகுக்கு எதிர்நிலையாக அவருக்கு வேண்டியிருந்தது மரம், கைவினை, குடும்பம், மக்களாட்சி. 1954 தொடங்கி 1957 வரை அமெரிக்காவிலும் கனடாவிலும் 24 இடங்களுக்குச் சென்ற பெரும் கண்காட்சி ஒன்று நான்கு நாடுகளையும் ஒரே குடும்பமாக நிறுத்தியது. நியூயார்க்கில் டேனிஷ் வெள்ளிச்சாமான் கடை நடத்திய ஃப்ரெடெரிக் லுன்னிங்கின் பெயரால் 1951 முதல் 1970 வரை வழங்கப்பட்ட பரிசும் இதற்கு உதவியது. முதல் ஆண்டு அதை டென்மார்க்கின் வெக்னரும் ஃபின்லாந்தின் தாப்பியோ விர்க்கலாவும் பெற்றார்கள். 1960 இல் கென்னடியும் நிக்சனும் தொலைக்காட்சியில் மோதிய முதல் விவாதத்தில், சிற்றுளி விவரித்த அதே வட்ட நாற்காலிகள் மேடையில் இருந்தன. செருப்புத் தொழிலாளி மகனின் நாற்காலியில் அமெரிக்க அதிபர் வேட்பாளர்கள் உட்கார்ந்தார்கள். செருப்புத் தொழிலாளி அதை வாங்கியிருக்க முடியுமா என்பது வேறு விஷயம்.

இந்தக் குடும்பப் படத்தில் பொருந்தாதவர்களையும் சொல்ல வேண்டும். 1933 இல் வியன்னாவை விட்டு ஸ்வீடனுக்குப் பெயர்ந்த யூதக் கட்டடக்கலைஞர் யோசெஃப் ஃபிராங்க், ஸ்டாக்ஹோமில் எஸ்ட்ரிட் எரிக்சன் நடத்திய கடைக்காகப் பூவும் கொடியும் பறவையும் நிறைந்த துணிகளை வரைந்தார். ஒரே பாணியில் அமைந்த அறையில் மனிதன் மூச்சுவிட முடியாது என்ற போக்குடையவர். 1939 நியூயார்க் உலகக் கண்காட்சியில் ‘ஸ்வீடிஷ் மாடர்ன்’ என்று பாராட்டப்பட்டதில் அவர் கைவண்ணமும் உண்டு. வெள்ளைச் சுவர் மட்டுமே வடக்கு என்பவர்கள் அந்தத் துணிகளை ஒருமுறை பார்க்கலாம்.

சிற்றுளி

ஒரு சிறு சேர்க்கை. நீங்கள் எல்லாரும் வெளிர்நிற மரம் என்று சொல்லிக்கொண்டே இருக்கிறீர்கள். 1950களில் டேனிஷ் அறைகலன் உலகம் முழுவதும் விற்றது தேக்கில். வடக்கே தேக்கு வளராது. சியாமிலிருந்து (இன்றைய தாய்லாந்து) கோபன்ஹேகனுக்குத் தேக்கு கொண்டுவரும் வணிகத்தை 19 ஆம் நூற்றாண்டின் இறுதியிலேயே எச். என். ஆண்டர்சன் என்ற டேனிஷ் வணிகர் தொடங்கிவிட்டார். அவர்கள் வாயில் வழங்கும் ‘டீக்’ என்ற சொல்லும் நம் தேக்கிலிருந்து, மலையாளக் கரை வழியாகப் போர்ச்சுக்கீசியர் கொண்டுபோனதுதான். மண்ணோடு ஒட்டிய வடக்கின் எளிமை என்று விளம்பரம் சொல்லும்போது இதை நினைத்துக்கொள்ளுங்கள்.

இன்னொன்று, டேனிஷ் கட்டடக்கலைஞர் ஆர்னே யாக்கப்சன் 1952 இல் ஒரு மருந்து நிறுவனத்தின் உணவுக்கூடத்துக்காகச் செய்த ‘எறும்பு’ நாற்காலிக்கு மூன்றே கால்கள். தமிழில் அதை எப்படி நாற்காலி என்று எழுதுவது என எனக்கு இன்றுவரை விளங்கவில்லை.

பழையபலகை

நீண்ட நாளாகப் படிப்பவள் மட்டுமே. இதற்காகப் பதிவு செய்துகொண்டேன். நூல்பிடி கேட்ட கேள்வி நல்ல கேள்வி, ஆனால் எல்லாரும் பதிலை இருக்கையின் மீதே தேடுகிறீர்கள். அடுக்களைக்குப் போங்கள்.

1944 இல் ஸ்வீடனில் இல்லத்தரசிகளின் அமைப்புகளும் மனையியல் ஆசிரியைகளும் சேர்ந்து இல்ல ஆய்வு நிறுவனம் ஒன்றைத் தொடங்கினார்கள். பாத்திரம் கழுவும்போது முதுகு எவ்வளவு வளைகிறது, அடுப்புக்கும் தொட்டிக்கும் இடையே ஒரு நாளில் எத்தனை முறை நடக்க வேண்டியிருக்கிறது, சமையல் மேடை எந்த உயரத்தில் இருந்தால் தோள் வலிக்காது என்று சோதனைக் கூடத்தில் அளந்தார்கள். கிளிண்ட் சட்டையை அளந்ததை வரலாறு எழுதியவர்கள், இந்தப் பெண்கள் உழைப்பை அளந்ததை ஏன் அதே வரலாற்றில் சேர்ப்பதில்லை? அவர்கள் விட்டுச்சென்றது ஏலத்தில் விடக்கூடிய பொருளாக இல்லை, எண்களாக இருந்தது, அதனால்தான். அத்தகைய அளவுகள் வீட்டுவசதித் தரநிலைகளுக்குள் போயின; அரசுக் கடனில் கட்டப்படும் வீடுகள் தரநிலைகளைப் பின்பற்ற வேண்டியிருந்தது. 1965 முதல் 1974 வரை ஸ்வீடன் ஏறத்தாழ 10 லட்சம் வீடுகளைக் கட்டியது. அந்தக் குடியிருப்புகளின் வெளித்தோற்றம் சலிப்பூட்டுவது என்று திட்டாதவர்கள் குறைவு, நானும் திட்டுவேன். ஆனால் உள்ளே நுழைந்தால் அடுக்களையில் மேடை சரியான உயரத்தில் இருக்கும்.

ஃபின்லாந்திலும் இதே திசையில் ஒருவர் வேலை செய்தார். கை ஃபிராங்க் (மேலே சொன்ன ஃபிராங்க் வேறு) அரபியா பீங்கான் ஆலைக்காக வடிவமைத்து 1953 இல் விற்பனைக்கு வந்த கில்த்தா பாத்திரங்கள், “தொகுப்பு” என்ற எண்ணத்தையே உடைத்தன. பன்னிரண்டு பேருக்கான பூப்போட்ட தொகுப்பை மொத்தமாக வாங்க வேண்டாம். ஒரே நிறத்தில், ஒன்றுக்குள் ஒன்று அடங்கும் தட்டுகளையும் கிண்ணங்களையும் தேவைப்படும்போது ஒவ்வொன்றாக வாங்கலாம், உடைந்தால் உடைந்ததை மட்டும் வாங்கலாம். அதில் பால்குவளை ஒல்லியாக இருக்கும். காரணம் அழகு மட்டும் இல்லை. குளிர்பெட்டி இல்லாத அன்றைய வீடுகளில், சன்னலின் இரண்டு கண்ணாடிகளுக்கும் இடையே உள்ள குளிர்ந்த இடைவெளியில்தான் பாலை வைப்பார்கள். குவளை அந்த இடைவெளிக்குள் நிற்க வேண்டும்.

கேள்விக்குறி

அப்படியானால் ஐகியாவை எங்கே வைப்பது? விலையைப் பற்றிப் பேசும் இழையில் அதன் பெயர் இதுவரை வராதது வியப்பு.

நூல்பிடி

வேண்டுமென்றே தள்ளிவைத்திருந்தேன். இங்வார் கம்ப்ராட் 1943 இல் 17 வயதில் தொடங்கிய அஞ்சல்வழிக் கடை அது. 1948 இல் அறைகலன்களைச் சேர்த்தார், 1956 வாக்கில் மேசையின் கால்களைக் கழற்றித் தட்டையாக அடுக்கி அனுப்பத் தொடங்கினார், 1958 இல் எல்ம்ஹுல்ட்டில் கடை திறந்தார். கழற்றி அடுக்கும் எண்ணம் அவருடைய கண்டுபிடிப்பு என்று சொல்வது சரியாகாது; ஸ்டாக்ஹோமின் பெரிய பல்பொருள் கடை ஒன்று 1944 லேயே எலியாஸ் ஸ்வெட்பெரி குழுவினர் வடிவமைத்த ‘டிரிவா’ என்ற, வாங்குபவரே பூட்டிக்கொள்ளும் அறைகலன்களை விற்றது. போட்டியாளர்களின் நெருக்கடியால் உள்நாட்டு ஆலைகள் பொருள் தர மறுத்தபோது, 1960களின் தொடக்கத்தில் கம்ப்ராட் போலந்துக்குப் போனார். விலை அங்கேதான் உண்மையாக இறங்கியது. ஆக, எல்லன் கேய் சொன்ன விலையை எட்டியது ரசனைக் கல்வியோ அறிக்கையோ இல்லை. தட்டையான அட்டைப்பெட்டியும் எல்லைக்கு அப்பாலிருந்த கூலியும்தான். இதைச் சொல்ல எனக்கு மகிழ்ச்சியில்லை.

பழையபலகை அவர்களின் பதிவுக்குப் பிறகு என் முதல் பதிவில் ஒரு திருத்தமும் செய்ய வேண்டியிருக்கிறது. ‘ஏற்றுக்கொள்’ என்ற கட்டளையைக் குறை சொன்னேன். சமையல் மேடையின் உயரத்தை யாரும் யாரிடமும் ஏற்றுக்கொள்ளச் சொல்லவில்லை, அது வீட்டோடு வந்தது. ஒரு வகையில் அதுவும் கட்டளைதான்.

வடகடல்

கட்டளை என்று சொல்லுங்கள், ஆனால் அந்தப் பெண்கள் முதலில் அளந்துவிட்டுப் பிறகே சொன்னார்கள். 1917 ஆம் ஆண்டுத் தட்டுகளுக்கு முன்னால் யாரும் எதையும் அளக்கவில்லை.

சிற்றுளி

காகிதக் கயிற்று இருக்கையைப் பின்னுவது பற்றிக் கேள்விக்குறி தனிமடலில் கேட்டதற்கு இங்கேயே பதில் எழுதுகிறேன், மற்றவர்களுக்கும் பயன்படலாம். காகிதக் கயிறு போரின்போது கடற்புல் கிடைக்காமல் மாற்றாக வந்தது, அதன் பிறகு போகவே இல்லை. வெக்னரின் ஒய் வடிவ முதுகு கொண்ட நாற்காலிக்கு ஓர் இருக்கைக்குச் சுமார் 120 மீட்டர் கயிறு செல்லும். பழகிய கை ஏறத்தாழ ஒரு மணி நேரத்தில் பின்னிவிடும், முதல்முறை செய்பவருக்கு ஒரு நாள் போய்விடும். நான்கு மூலையிலிருந்தும் தொடங்கி நடுவை நோக்கி வர வேண்டும், ஒவ்வொரு சுற்றையும் இறுக்கிப் பிடிக்க வேண்டும், இடையில் கையை எடுத்தால் தளர்ந்துவிடும். பழைய இருக்கையை அறுப்பதற்கு முன் கவிழ்த்து ஒரு படம் எடுத்துக்கொள்ளுங்கள். கயிறு எந்த வரிசையில் போனது என்பதும், பின்னியவர் கயிறு தீர்ந்த இடங்களில் எப்படி முடிச்சுப் போட்டார் என்பதும் அடிப்பக்கத்தில்தான் தெரியும்.